சாப்பிட உட்காராத பிள்ளை: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளையைச் சோற்றுக்கு முன்னால் உட்காரவைப்பது எந்த வீட்டிலும் பெரும்பாடுதான். காரைக்குடி அடுக்குமாடி வீடானாலும் சரி, முற்றத்தைச் சுற்றிக் கட்டிய கானாடுகாத்தான் வளவு வீடானாலும் சரி. நெளிகிறான், எழுந்து நிற்கிறான், ஓடுகிறான், வாயை மூடிக்கொள்கிறான். எல்லாவற்றுக்கும் “பிடிவாதம்” என்று ஒரே பெயர் வைத்துவிட்டு மிரட்டலிலோ கெஞ்சலிலோ இறங்கிவிடுகிறோம்.

பிடிவாதத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் பிள்ளையின் கால், அடுத்து வயிறு, அப்புறம் ஊட்டுகிற நம் கை. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் காரணம் சிக்கிவிடும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் உட்காரும் இடத்தைப் பற்றிய முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அது சரியில்லை என்றால் மற்றது எதுவும் பலிக்காது.

உட்காரும் இடம் சரியா?

உயர நாற்காலி வைத்திருப்பவர்கள் பிள்ளையை அதில் உட்காரவைத்துவிட்டுப் பக்கவாட்டில் தரையோடு குனிந்து பாருங்கள். பாதம் இரண்டும் எதன் மேலாவது தட்டையாகப் படிந்திருக்கிறதா? முழங்கால் நாற்காலி விளிம்பில் மடங்கி இறங்குகிறதா, இல்லை நாற்காலி ஆழமாக இருப்பதால் கால் நீட்டியபடி கிடக்கிறதா? இடுப்பு பின்பலகையோடு ஒட்டியிருக்கிறதா? தட்டு வைக்கும் பலகை முழங்கை உயரத்தில் இருக்கிறதா? பலகை நெஞ்சுக்கு மேலே இருந்தால் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கும். கை சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

அடுத்தது பட்டை. இடுப்பைச் சுற்றி ஒன்று, இரண்டு காலுக்கும் நடுவே ஒன்று, இது கட்டாயம். தோளுக்கும் இரண்டு பட்டை இருந்தால் இன்னும் நல்லது. இடுப்புப் பட்டை மட்டும் போட்டால் பிள்ளை கீழே வழுகி, பட்டை கழுத்துக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு. நடுப்பட்டை அதற்காகத்தான் இருக்கிறது. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற அளவு இடம் போதும். முன்னால் இருக்கும் பலகையே பிடித்துக்கொள்ளும் என்று பட்டையை விட்டுவிடாதீர்கள், அது தட்டு வைக்கத்தான்.

நாற்காலியை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். மேசைக்கோ சுவருக்கோ ஒட்டிப் போட்டால் பிள்ளை காலால் ஓர் உதை விட்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிடும். கால் எட்டாத தூரம் வேண்டும். கொதிக்கிற ரசச் சட்டி, தேநீர் டம்ளர், மேசை விரிப்பின் நுனி, இவையும் கைக்கு எட்டக்கூடாது. சக்கரம் வைத்த நாற்காலி என்றால் பூட்டிவிடுங்கள்.

நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பது, அதன் வழவழப்புக்கு அதுவே காரணம். அதன்மேல் ஒரு கரண்டி ரசம் சிந்தினால் போதும், இலேசான பிளாஸ்டிக் நாற்காலியின் கால் சறுக்கிவிடும். ரப்பர் விரிப்பு ஒன்றை அடியில் போடுங்கள். வெறும் ஜமக்காளமும் கோரைப் பாயும் நாற்காலியோடு சேர்ந்து நகரும்.

நாற்காலி இல்லாத வீட்டில் தரை நல்ல இடம். விழுந்தாலும் அடிபடாது, பெரியவர்களோடு ஒரே வரிசையில் உட்காரலாம். ஆனால் தட்டும் தரையில், பிள்ளையும் தரையில் என்றால் குனிந்தே சாப்பிட வேண்டும். வயிறு மடங்கும், முதுகு கூன் போடும், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடும். பிள்ளைக்குச் சின்னப் பாயான தடுக்கைப் போட்டு, முதுகைச் சுவரிலோ வளவுத் தூணிலோ சாயவைத்து, தட்டை ஒரு மணையின் மேல் வையுங்கள். அந்தச் சில அங்குல உயரம் பெரிய வித்தியாசம் செய்யும்.

ஊஞ்சல், நடைவண்டி, தொட்டில், வண்டியின் முன்சீட்டு, இவை சாப்பிடும் இடம் அல்ல. மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டுவதும் வேண்டாம். படுத்த வாக்கில் போகும் சோறு மூச்சுக்குழாய் பக்கம் திரும்பச் சுலபம்.

“அஞ்சு நிமிஷத்தில் நெளிய ஆரம்பிக்கிறான், சறுக்கிக் கீழே இறங்குகிறான்”

பாதி வீடுகளில் கேட்கும் புகார் இதுதான். நூற்றுக்குத் தொண்ணூறு தொங்கும் கால்தான் காரணம் என்றே சொல்வேன்.

நீங்களே உயரமான ஒரு முக்காலியில், கால் எதிலும் படாமல், முதுகுக்கும் பிடிப்பு இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். உடம்பை நேராக வைத்துக்கொள்வதிலேயே பாதிக் கவனம் போய்விடும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இடுப்பு, வயிற்றுத் தசையெல்லாம் இன்னும் வலுவாகிக்கொண்டிருக்கும் பருவம். மெல்லுவது, விழுங்குவது, கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவது எல்லாமே அதற்குப் புது வேலை. உடம்பு ஆடினால் அந்த வேலை நடக்காது. அதனால்தான் நெளிகிறது, ஒரு காலை மடித்து அடியில் வைக்கிறது, மண்டி போடுகிறது, இறங்கப் பார்க்கிறது. பிடிப்பு தேடுகிறது, அவ்வளவுதான்.

உறவினர் வீடொன்றில் பார்த்தது. பெரியவர்கள் உட்காரும் தேக்கு நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு ஒன்றே முக்கால் வயதுப் பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். தலையணை அமுங்கி அமுங்கி அவள் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தாள். கால் அந்தரத்தில் ஆடியது. அவளுடைய அம்மா ஒரு கையால் பிடித்தபடி மறுகையால் ஊட்டிக்கொண்டிருந்தார். தலையணையை எடுத்துவிட்டு, கெட்டியாக மடித்த போர்வையைப் பின்னால் கொடுத்து, பட்டை உள்ள சின்ன இருக்கையை நாற்காலியோடு கட்டி, காலுக்குக் கீழே பழைய எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கவிழ்த்துத் துணியால் இறுக்கிக் கட்டினோம். பாதம் அதில் பட்டதும் அவள் முதலில் செய்தது, இரண்டு காலாலும் டப்பாவைத் தட்டிப் பார்த்தது. அப்புறம் முன்னால் குனிந்து இட்லியைத் தானே எடுத்தாள்.

கால்பலகை உயரம் மாற்றக்கூடிய நாற்காலி வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் அட்டைப்பெட்டிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துக் கட்டினாலும் போதும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உயரம் பாருங்கள், இந்த வயதில் கால் வேகமாக வளரும். வழுகல் நிற்கவில்லை என்றால் உட்காரும் இடத்தில் சின்னதாக ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள். இடுப்பின் இருபுறமும் இடம் காலியாக இருந்தால் துண்டைச் சுருட்டி அடைத்துவிடுங்கள்.

காலைச் சரி செய்த பிறகும் எழப் பார்த்தால், எவ்வளவு நேரம் உட்காரவைக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு வயதுக்குப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாலே நல்ல சாப்பாடு. அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். உயர நாற்காலி, தள்ளுவண்டி மாதிரி பிள்ளையைப் பிணைத்து வைக்கும் எதிலும் ஒரே தடவையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. சமையல் முடியும்வரை நாற்காலியில் இருக்கட்டும் என்று முன்னதாகவே உட்காரவைத்துவிட்டால், சோறு வரும்போது பிள்ளையின் பொறுமை தீர்ந்திருக்கும்.

“நாற்காலி மேலேயே எழுந்து நிற்கிறான்”

பட்டை, வேறு வழியே கிடையாது. “பிள்ளையைக் கட்டிப்போட்டா சோறு கொடுக்கிறது, பாவமா இருக்கேத்தா” என்று அப்பத்தா வருத்தப்படுவார். “கட்டிப்போடலை அத்தை, கார்ல பெல்ட் போடுற மாதிரிதான்” என்று மெதுவாகச் சொல்லி, தினமும் எல்லாச் சாப்பாட்டுக்கும் போடுங்கள். ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டால்தான் பிள்ளை அதோடு சண்டை போடும்.

பட்டையை மீறி எழும்ப முயன்றால் ஒருமுறை “உட்கார்ந்துதான் சாப்பிடணும்” என்று சொல்லுங்கள். இன்னொரு முறை முயன்றால் “போதுமா? சரி, இறங்கலாம்” என்று சொல்லி இறக்கிவிட்டுச் சாப்பாட்டை எடுத்து வையுங்கள். கோபம் வேண்டாம். நாற்காலியில் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட வேறு அறைக்குப் போகாதீர்கள். விழுவதற்கும் தொண்டையில் அடைப்பதற்கும் அந்த ஒரு நிமிடம் போதும்.

“உட்காரவைத்தாலே அழுகை, உடம்பை வில்லாக வளைக்கிறாள்”

நாற்காலியைப் பார்த்ததும் அழுகிறாளா, உட்கார்ந்த பிறகு அழுகிறாளா, முதல் வாய் போன பிறகு அழுகிறாளா என்று பிரித்துப் பாருங்கள்.

பார்த்ததுமே என்றால் அந்த இடத்தில் வலுக்கட்டாயமாக ஊட்டிய நினைவு இருக்கலாம். நாலைந்து நாள் அந்த நாற்காலியில் ஊட்டவே வேண்டாம். ஒரு கரண்டி, ஒரு கிண்ணம், நாலு வேகவைத்த கேரட் துண்டு வைத்து விளையாடவிட்டு, அழும் முன்பே இறக்கிவிடுங்கள். பயம் தெளியட்டும்.

உட்கார்ந்த பிறகு என்றால் எங்கோ பட்டை அழுத்தலாம், இல்லை தூக்கம் வந்திருக்கலாம். தூக்க நேரத்தில் வரும் மத்தியானச் சோறு எந்தப் பிள்ளைக்கும் இறங்காது, அரை மணி முன்னால் தள்ளுங்கள். முதல் வாய்க்குப் பிறகு அழுதால் வாயைத் திறந்து பாருங்கள். வாய்ப்புண், ஈறு வீக்கம், தொண்டைச் சிவப்பு இருக்கலாம். மலச்சிக்கல் உள்ள பிள்ளையும் சாப்பிட ஆரம்பித்ததும் வயிறு முறுக்கி வளைந்து அழும். கடைசியாக எப்போது வெளிக்குப் போனான், கெட்டியாகப் போனதா என்று கேட்டுப் பாருங்கள், விடை அங்கேயே கிடைக்கலாம்.

“வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான்”

பசி இல்லை. பசி ஏன் இல்லை என்பதைத் தேடவேண்டும்.

பாலை முதலில் பாருங்கள். காலையில் ஒரு டம்ளர், பத்து மணிக்கு ஒன்று, தூங்கும் முன் ஒன்று, இரவில் புட்டியில் ஒன்று என்றால் பிள்ளை பாலிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லி பால் தாராளம். அதற்கு மேல் போனால் சோற்றுக்கு இடம் இருக்காது, இரும்புச்சத்தும் குறையும். பாலைக் கிண்ணத்திலோ டம்ளரிலோ சாப்பாட்டோடு கொடுங்கள், புட்டியை மெதுவாக நிறுத்துங்கள்.

அடுத்தது இடையில் கொறிப்பது. கூட்டுக்குடும்பத்தில் இதைப் பிடிப்பது கஷ்டம். ஐயா ஒரு பிஸ்கட், பெரியாச்சி ஒரு வாழைப்பழம், பக்கத்து வீட்டில் ஒரு துண்டு அதிரசம். ஒவ்வொன்றும் பாசத்தில் கொடுத்ததுதான், சேர்த்துப் பார்த்தால் ஒரு வேளைச் சோறு. மூன்று வேளைச் சாப்பாடு, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என இரண்டு இடைப்பலகாரம், நடுவே இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் தண்ணீர் மட்டும். இந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். பெரியவர்களிடம் “கொடுக்காதீங்க” என்பதைவிட “நாலரை மணி பலகாரத்துக்கு நீங்களே கொடுங்க ஐயா” என்று சொன்னால் நடக்கும்.

மூன்றாவது, பிள்ளை உண்மையிலேயே குறைவாகத்தான் சாப்பிடும் வயது இது. முதல் வருடத்தில் ஆறேழு கிலோ ஏறிய பிள்ளை இரண்டாம் வருடம் முழுவதும் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி வேகம் குறைந்தால் பசியும் குறையும். ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டு மறுநாள் இரண்டு வாயோடு நிறுத்துவதும் இயல்புதான். “போன வருஷம் ஒரு கிண்ணம் சாப்பிட்டான், இப்ப பாதிகூட இறங்கலையே” என்று அம்மாவைப் பெற்ற ஆயா கவலைப்படும்போது அங்கன்வாடியில் எடை பார்த்து வளர்ச்சி வரைபடத்தைக் காட்டுங்கள். கோடு பிள்ளையின் பழைய போக்கிலேயே ஏறிக்கொண்டிருந்தால் பயமில்லை.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த ஒரு பிரிவினை எனக்கு மிகவும் உதவியது. என்ன, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடலாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. இதை ஏற்றுக்கொள்ள நம் வீடுகளில் மனம் வராது, எனக்குத் தெரியும். ஊட்டுவது நமக்கு அன்பின் அடையாளம். ஆனால் வயிறு நிறைந்ததை உணர்ந்து நிறுத்துகிற பிள்ளையை “இன்னும் ஒரே ஒரு வாய்” என்று தினமும் தாண்டவைத்தால் அந்த உணர்வே மங்கிப்போகும்.

புதுப் பண்டத்தை மட்டும் மறுத்தால் சும்மா தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருங்கள். பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். காரம் பார்த்துக்கொள்ளுங்கள். நம் குழம்பில் மிளகும் மிளகாயும் தூக்கல். பிள்ளைக்கு உரியதை மசாலா சேர்க்கும் முன்பே தனியாக எடுத்துவிட வேண்டும்.

“ஓடினால்தான், இடுப்பில் தூக்கிக் காக்கா காட்டினால்தான் சாப்பிடுகிறாள்”

வளவு வீட்டுக்கென்றே வந்த பிரச்சினை இது. முற்றத்தைச் சுற்றி ஓட நல்ல இடம். பிள்ளை முன்னால், கிண்ணத்தோடு அம்மா பின்னால், எதிர்த்திசையில் அப்பத்தா. ஒரு சுற்றுக்கு ஒரு வாய். உயர்ந்த கூடமான பட்டாலையிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் கல்படி வேறு.

வாயில் சோற்றோடு ஓடும் பிள்ளை சிரிக்கும், மூச்சு வாங்கும், தடுக்கி விழும். அந்த நொடியில் வாயில் இருப்பது உள்ளே இழுபடும். இதை முதலில் நிறுத்த வேண்டியதற்குக் காரணம் அதுதான், ஒழுங்குப் பழக்கமெல்லாம் பிறகு.

ஒரே நாளில் நிறுத்தினால் வீடே அழும். எந்த வேளைக்குப் பிள்ளைக்கு அதிகப் பசியோ, அந்த வேளையிலிருந்து ஆரம்பியுங்கள். பலருக்கு அது காலைப் பலகாரம் அல்லது சாயங்காலம் விளையாடி வந்த நேரம். அந்த வேளை மட்டும் உட்கார்ந்துதான் என்று வீட்டில் எல்லோரும் முடிவெடுங்கள். சாப்பாட்டுக்கு முன் நன்றாக ஓடவிடுங்கள், அப்புறம் கை கழுவிவிட்டு நேராக இருக்கைக்கு. கை கழுவுவதும் தடுக்கைப் போடுவதும் தினமும் ஒரே வரிசையில் நடந்தால் அடுத்து சோறு என்று பிள்ளைக்குத் தானாகப் புரியும். தடுக்கைப் பிள்ளையையே தூக்கி வரச் சொல்லுங்கள், பெருமையாகக் கொண்டுவரும்.

உட்கார்ந்ததும் தானே எடுத்துச் சாப்பிடக்கூடியது ஒன்றைக் கொடுங்கள். துண்டாக்கிய இட்லி, வெள்ளைப் பணியாரத்தின் சிறு துண்டு, நறுக்கிய இடியாப்பம். கை வேலையாக இருந்தால் கால் ஓடாது. பக்கத்தில் ஒரு பெரியவரும் உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். எல்லோரும் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் உட்காராது.

எழுந்து ஓடினால் பின்னால் போகாதீர்கள். தட்டு அங்கேயே இருக்கட்டும். திரும்பி வந்து உட்கார்ந்தால் சாப்பிடலாம், வாயை மட்டும் நீட்டினால் “உட்காரு, தர்றேன்” என்பதே பதில். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்து, குறித்த நேரத்துப் பலகாரம்தான். முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். சுறுசுறுப்பாக விளையாடி, வழக்கம்போலச் சிறுநீர் போனால் பொறுத்திருங்கள். அந்த வேளை பழகியதும் அடுத்த வேளை.

“போன் இல்லாமல் வாய் திறப்பதில்லை”

திரையைப் பார்த்துச் சாப்பிடும் பிள்ளைக்கு வாயில் என்ன போகிறது, வயிறு நிறைந்ததா என்று தெரிவதில்லை. சரியாக மெல்லாமல் விழுங்கும் பழக்கமும் வரும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதைவிட ஒரேயடியாக நிறுத்துவது சுலபம். பாதிச் சாப்பாட்டில் போனைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். சாப்பிடும் இடத்தில் பெரியவர்கள் போனும் இருக்கக்கூடாது, அப்பாவின் போனும் சேர்த்துத்தான். கதை சொல்லலாம், தட்டில் இருப்பதைப் பற்றிப் பேசலாம். மூன்று நான்கு நாள் அழுகை இருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.

“தட்டை எறிகிறாள், கொட்டுகிறாள்”

பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை எறிவது விளையாட்டும் ஆராய்ச்சியும். கொஞ்சமாக வையுங்கள், தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம். வேண்டாததைப் போட ஒரு சின்ன ஓலைக்கூடையை, நம் கொட்டானை, பக்கத்தில் வைத்து “வேண்டாம்னா இதில் போடு” என்று காட்டுங்கள். சாப்பாட்டின் முடிவில் எறிந்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், இறக்கிவிடுங்கள்.

“வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்கிறான்”

கன்னத்தில் சோறு உருண்டையாக நிற்கும், விழுங்கமாட்டான். பெரிய கவளம், வறண்ட சோறு, பாதித் தூக்கம், போன், இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். கவளத்தைச் சுண்டைக்காய் அளவாக்குங்கள். ரசமோ பருப்போ சேர்த்துக் குழைவாகப் பிசையுங்கள். முந்தைய வாய் காலியான பிறகே அடுத்தது. இறக்கிவிடும் முன் “ஆ காட்டு” என்று வாயைப் பார்த்துவிடுங்கள். அடக்கிய சோற்றோடு தூங்கப் போகவே கூடாது.

“அடிக்கடி புரை ஏறுகிறது, தொண்டையில் சிக்குகிறது”

உட்காரும் நிலையைச் சரி செய்த பிறகும் சிக்கினால் பண்டத்தைப் பாருங்கள். உருண்டை, கெட்டி, வழுவழுப்பு, பிசுபிசுப்பு, இந்த நாலும் ஆபத்து. நம் வீட்டு டப்பாக்களில் இருப்பதில் பாதி இந்த வகைதான். சீடைக்காய், முழு வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லும் கடலையும் கலந்த மனகோலம், தேன்குழல், சோளப்பொரி, முழுத் திராட்சை, கொட்டையோடு இலந்தைப் பழம். சீடை, கடலை வகைகளை நாலு ஐந்து வயது வரை கையில் கொடுக்காதீர்கள். பால் பணியாரம் மென்மைதான், ஆனாலும் கோலிக்குண்டு அளவில் பாலில் ஊறி வழுக்கும், அதனால் ஒவ்வொன்றையும் நாலாக வெட்டிக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக. கவுனி அரிசியைக் குழைய வேகவைத்து மசித்துத்தான் தரவேண்டும். கோழிக் குழம்பில் அன்னாசி மொக்கு, பட்டை, கிராம்பு, எலும்புச் சில் எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

சத்தமாக இருமினால், முகம் சிவந்து ஓங்கரித்தால், பிள்ளை தானே வெளியே தள்ளப் பார்க்கிறது. பக்கத்தில் இருங்கள், இருமவிடுங்கள். புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். அதனால் அடைத்தது வெளியே வராது. தண்ணீர் ஊற்றுவது, கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள் விரல் விடுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, மூன்றும் வேண்டாம்.

சத்தமே வரவில்லை, அழ முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் மூச்சு அடைத்துவிட்டது. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். பட்டையைக் கழற்றிப் பிள்ளையை எடுத்து முன்புறமாகக் குனியவைத்து, முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வரவில்லை என்றால் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே மடக்கிய கை முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பிடித்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாறி மாறி. ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றில் அழுத்தக்கூடாது. முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். நினைவு தப்பினால் உடனே செயற்கைச் சுவாசத்தோடு நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும். வயிற்றில் அழுத்தி எடுத்திருந்தால் பிள்ளை தெளிந்த பிறகும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதைப் படித்து வைத்தால் மட்டும் போதாது. வீட்டில் ஊட்டுகிற எல்லோரும் ஒருமுறை பயிற்சி பெற்றவரிடம் நேரில் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

“வீட்டில் சரி, படைப்புக்கும் கல்யாணத்துக்கும் போனால் பழைய கதை”

முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்பு வீட்டிலும் பந்தியிலும் சாப்பாடு நேரத்துக்கு வராது, கூட்டம் இரைச்சல், ஆளாளுக்கு ஊட்ட வருவார்கள். பிள்ளையின் சாப்பாட்டை முதல் பந்திக்கு முன்னாலேயே, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டின் அமைதியான மூலையில் முடித்துவிடுங்கள். தடுக்கையும் தட்டையும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், பழகிய இடம் கூடவே வந்த மாதிரி இருக்கும். அப்புறம் பந்தியில் மடியில் உட்கார்ந்து அப்பளத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். சூடான சாம்பார் வாளியோடு பரிமாறுபவர் வரும் பக்கம் பிள்ளையை வைக்காதீர்கள். உறவுக்காரர்களிடம் “சீடை, கடலை மட்டும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்” என்று காரணத்தோடு முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

மருத்துவரிடம் எப்போது?

எடை நின்றுவிட்டது அல்லது குறைகிறது, ஒவ்வொரு வேளையும் புரை ஏறுகிறது, சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரக்கிறது, அடிக்கடி சளிக்காய்ச்சல், மூன்று நான்கு பண்டம் தவிர எதையும் தொடுவதில்லை, ஒன்றரை வயதிலும் மசித்தது மட்டும்தான் இறங்குகிறது, ஒரு வயதிலும் பிடிப்பின்றி உட்கார முடியவில்லை என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மண், சுண்ணாம்பு, சுவர்க் காரை தின்றால் இரத்தச்சோகை இருக்கலாம், பரிசோதனை வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து, ஒரு வயது முதல் குடற்புழு மாத்திரை என்று அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. அங்கன்வாடியிலோ கிராமச் செவிலியரிடமோ கேளுங்கள்.

போகும்போது மூன்று நாள் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான், எவ்வளவு பால், எத்தனை நிமிடம் உட்கார்ந்தான். ஒரு வேளைச் சாப்பாட்டைப் பக்கவாட்டிலிருந்து, காலும் முதுகும் தெரியும்படி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பிள்ளை சாப்பிட்டுக் காட்டாது, அந்த வீடியோ காட்டிவிடும்.